டேனி டன்னும் வீட்டுப்பாட இயந்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள், அவர்களுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது என் வேலை. இந்த நாவலை ஏழெட்டு வாரம் வாசித்தோம். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, உடனே அதையே தமிழில் என்று போனது. அப்புறம் பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்டவை, பிள்ளைகள் நேரில் கேட்டவை என்று நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது என்ன புத்தகம்?

1958இல் அமெரிக்காவில் வெளிவந்த சிறுவர் சாகச நாவல். ஆங்கிலத் தலைப்பு ‘டேனி டன் அண்ட் த ஹோம்வொர்க் மெஷின்’. ஜே வில்லியம்ஸ், ரேமண்ட் அப்ராஷ்கின் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதியது. படங்கள் போட்டவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். பிற்பாடு பனியில் விளையாடும் ஒரு கறுப்பினச் சிறுவனைப் பற்றிய படப் புத்தகத்துக்காக 1963இல், அமெரிக்காவில் படப் புத்தக ஓவியர்களுக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் வாங்கினாரே, அவரேதான்.

டேனி டன் தொடரில் மொத்தம் 15 புத்தகங்கள். முதலாவது 1956இல் வந்தது, கடைசி 1977இல். இது மூன்றாவது.

கதை என்ன? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை, எனக்குத் தெரிந்தால்தான் பையனுக்கு வாங்கித் தருவேன்.

சரி, முழுதாகவே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தால் சுவை குறையும் கதை இல்லை இது.

டேனிக்குச் சிவப்புத் தலைமுடி, எதையும் யோசிப்பதற்கு முன்னால் செய்துவிடும் சுபாவம். அப்பா இல்லை. அம்மா, பேராசிரியர் புல்ஃபின்ச் என்ற விஞ்ஞானியின் வீட்டைக் கவனித்துக்கொள்கிறார், தாயும் மகனும் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். அதனால் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் டேனிக்குச் சொந்த வீட்டு அறை மாதிரி. அவனுடைய நண்பன் ஜோ பியர்சன் எதற்கும் ‘இது சரியா வராது’ என்று ஆரம்பிப்பவன், கவிதை எழுதுபவன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிற ஐரீன் மில்லர்தான் மூன்றாவது ஆள்.

பேராசிரியர் மினியாக் என்ற கணினியை வீட்டிலேயே உருவாக்கி வைத்திருக்கிறார். அவர் வெளியூர் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டேனியிடம் விட்டுவிட்டுப் போகிறார். டேனி என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். மூன்று பேரும் வீட்டுப்பாடத்தை மினியாக்கிடம் கொடுக்கத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாள் ஜாலியாகப் போகிறது. விளையாட நேரம் கிடைக்கிறது, மதிப்பெண்ணும் நன்றாக வருகிறது.

பொறாமைப்படும் ஒரு வகுப்புத் தோழன் விஷயத்தை ஆசிரியை மிஸ் ஆர்னால்டிடம் போட்டுக் கொடுக்கிறான். அந்த ஆசிரியை இயந்திரத்துக்குத் தடை போடவில்லை, மூவருக்கும் வீட்டுப்பாடத்தைக் கூட்டி, கடினமாக்கிவிடுகிறார். கூடுதல் பாடம் வந்தால் இயந்திரத்துக்குக் கூடுதல் விஷயம் ஏற்ற வேண்டும், ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இப்படியே போய், மற்ற எல்லோரையும்விடத் தாங்கள் மூவரும்தான் அதிகம் படித்திருக்கிறோம் என்பது ஒரு கட்டத்தில் அவர்களுக்கே உறைக்கிறது. நடுவில் அந்தப் பொறாமைக்காரப் பையன் மினியாக்கிலேயே கை வைத்துவிடுகிறான், இயந்திரம் தாறுமாறாகிறது. என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் பகுதிதான் கதையின் உச்சம். அந்தப் பக்கங்களை வாசித்த அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஏழு மணிக்குக்கூட வீட்டுக்குக் கிளம்பவில்லை.

மினியாக் மாதிரி ஒன்று அன்றைக்கு நிஜமாகவே இருந்ததா?

வீட்டில் வைக்கும் அளவில் இல்லை. 1946இல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினி ஏறக்குறைய 27 டன் எடை, அதில் சுமார் 18,000 வால்வுகள், அதாவது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்கள். பழைய வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலைந்து வால்வு எரிந்தாலே பெட்டி சூடாகிவிடும். 18,000 வால்வு என்றால் அந்த அறையின் வெக்கையை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். மினியாக் என்ற பெயரே எனியாக்கைக் கொஞ்சம் சுருக்கி விளையாடிய பெயர்தான்.

இந்த நாவல் வந்த காலத்தில் அமெரிக்க நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவலாக இருந்தது ஐபிஎம் 650. அதன் முதன்மைப் பெட்டி மட்டும் ஒரு டன்னை நெருங்கும். நினைவகம் சுழலும் ஒரு காந்த உருளை, அதில் பத்து இலக்க எண்கள் 2,000 வைக்கலாம், அவ்வளவுதான். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதில் அடங்காது. அப்படிப்பட்ட காலத்தில், பேராசிரியர் ஒருவர் வீட்டு ஆய்வுக்கூடத்தில் கணினி வைத்திருப்பார், பள்ளிப் பிள்ளைகள் அதில் பாடம் போடுவார்கள் என்று எழுதியதே துணிச்சல். தொடரின் கடைசிப் புத்தகம் வந்த 1977இல்தான் ஆப்பிள் 2 கணினியும் கடைக்கு வந்தது. கதையில் இருந்த கணினி உண்மையான வீடுகளுக்குள் வர இருபது வருஷம் பிடித்திருக்கிறது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியதும் அமெரிக்காவில் பெரிய பதற்றம், நம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டார்களோ என்று. 1958இலேயே அறிவியல், கணிதக் கல்விக்குப் பணம் ஒதுக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். அதே வருஷம் நாசாவும் தொடங்கப்பட்டது. வீட்டுப்பாடம், கணினி, பிள்ளைகள் எவ்வளவு படிக்கிறார்கள் என்ற கவலை, இந்த மூன்றும் ஒரே கதைக்குள் வந்ததற்குப் பின்னால் அந்தக் காலமே இருக்கிறது.

பிள்ளைகள் செய்தது காப்பி அடிப்பது இல்லையா? இதைப் போய்ப் பிள்ளைக்குப் படிக்கக் கொடுப்பதா?

இந்தக் கேள்வியைத்தான் பெற்றோர் அதிகம் கேட்டார்கள். எங்கள் கூட்டத்திலும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

டேனி தரப்பு வாதம் லேசுப்பட்டதில்லை. விஞ்ஞானிகள் தங்கள் வேலைக்குக் கணினியைப் பயன்படுத்தினால் அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே, எங்கள் வேலைக்கு நாங்கள் பயன்படுத்தினால் மட்டும் எப்படித் தப்பாகும் என்பது அவன் கட்சி. இதை அப்படியே தூக்கி எறிய முடியாது. நாமும் கால்குலேட்டர் பயன்படுத்துகிறோம், லாகரிதம் அட்டவணை புரட்டினோம், அகராதி பார்க்கிறோம்.

என் பதில் இது: வீட்டுப்பாடத்தின் விளைபொருள் அந்த நோட்டுப் புத்தகம் இல்லை, அதை எழுதுகிற பிள்ளை. விஞ்ஞானிக்கு விடை வேண்டும், யார் கணக்குப் போட்டாலும் விடை விடைதான். பள்ளிக்கூடத்தில் அந்த விடை யாருக்குமே தேவையில்லை, ஆசிரியருக்கு அது ஏற்கெனவே தெரியும். கைடைப் பார்த்து எழுதுவதும், ஸ்டேஷனரி கடையில் புராஜெக்ட் மாதிரி வாங்கிக்கொண்டு போய் வைப்பதும், அப்பா உட்கார்ந்து ராத்திரி பதினோரு மணி வரை தெர்மாகோல் வெட்டுவதும் நோட்டை நிரப்பிவிடும், பிள்ளைக்கு ஒன்றும் சேராது. இந்த இடத்தில்தான் கதை ஒரு சாமர்த்தியமான வேலை செய்கிறது. டேனியும் நண்பர்களும் நோட்டை நிரப்பத்தான் கிளம்பினார்கள், ஆனால் மினியாக்குக்கு எதுவுமே தெரியாது என்பதால் அதற்குச் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது. சொல்லித்தந்ததில் பாடம் அவர்களுக்குள் போய்விட்டது.

நன்னூலில் பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக் கொள்வதில் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்சம் இருக்கும் அரைப் பங்கும் வந்து சேரும். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. டேனி கதையை வாசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நூற்பாதான். ஜோவும் ஐரீனும் அவனுக்குக் கிடைத்த ஒரு கால், மினியாக் அவனுக்குக் கிடைத்த அரை.

அப்படியானால் இன்றைக்கு ஏஐயில் வீட்டுப்பாடம் போடுவதும் சரிதானே? அதுவும் மினியாக் மாதிரிதானே?

இல்லை. இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புத்தகத்தைப் படித்துவிட்டு இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் கட்டாயம் வருவார்கள். எங்கள் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாவது வாரமே வந்துவிட்டான்.

மினியாக் வெறும் பாத்திரம். அதில் எதை ஊற்றினார்களோ அதுதான் திரும்ப வரும். கேள்வி கேட்பதற்கு முன்னால் பாடத்தை அவர்களே பிரித்து, அடுக்கி, இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. கற்றல் நடந்தது அந்தத் தயாரிப்பில். இன்றைய உரையாடும் ஏஐ, ஏராளமான எழுத்தை ஏற்கெனவே விழுங்கிப் பயிற்சி பெற்று வருகிறது. பிள்ளை கேள்வியை ஒட்ட வேண்டும், விடையை நகலெடுக்க வேண்டும். டேனியை அவனுக்கே தெரியாமல் படிக்க வைத்த அந்த ஒரு படி இதில் காணாமல் போய்விட்டது. அதனால் கதையில் வரும் நியாயம் இன்றைக்கு அப்படியே செல்லாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, இதைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மினியாக் தப்பான விடை கொடுத்தால், தப்பு எங்கே என்று தேடிப் போக முடியும். ஏற்றியதில் பிழையா, கேட்டதில் பிழையா, கம்பியில் பிழையா. கதையின் உச்சக் காட்சியே அந்தத் தேடல்தான். இன்றைய ஏஐ தப்பைக்கூடத் தயக்கமில்லாமல், அழகான வாக்கியத்தில் சொல்லும். பாடம் தெரியாத பிள்ளைக்கு அது தப்பு என்று தெரியவே வழியில்லை.

அதற்காக ஏஐயைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தலாம். ‘நீ ஒன்றும் தெரியாத மாணவன், நான் உனக்கு ஒளிச்சேர்க்கை சொல்லித் தருகிறேன், புரியாவிட்டால் கேள்வி கேள்’ என்று பிள்ளை ஆரம்பிக்கட்டும். அப்போது அது மினியாக் ஆகிவிடும். என் மகளோடு இதைச் செய்து பார்த்தேன். இலைத்துளை எதற்கு என்று அது திருப்பிக் கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியவில்லை, ஓடிப்போய்ப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். எனக்கு அந்த மாலை முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

இந்த யோசனை புதிதும் இல்லை. பிள்ளைதான் கணினிக்குக் கட்டளை சொல்ல வேண்டும், கணினி பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது என்று கணிதவியலாளரும் கல்வியாளருமான சீமோர் பேப்பர்ட் வலியுறுத்திக்கொண்டே இருந்தார். அவரும் சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோரும் சேர்ந்து 1967இல் உருவாக்கிய லோகோ என்ற நிரல் மொழியில், நம்மில் பலர் பள்ளிக்கூடக் கணினி அறையில் திரையில் இருக்கும் ஆமையை நகர்த்திப் படம் வரைந்திருப்போம். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ‘பெட்டீஸ் பிரெய்ன்’, அதாவது பெட்டி என்ற பெண்ணின் மூளை, என்ற பெயரில் ஒரு மென்பொருளே செய்தார்கள். அதில் திரையில் இருக்கும் பெட்டி என்ற மாணவிக்குப் பிள்ளைகள் பாடம் சொல்லித்தர வேண்டும், அப்புறம் பெட்டி தேர்வு எழுதுவாள்.

ஆசிரியை மிஸ் ஆர்னால்ட் வில்லியா?

இல்லவே இல்லை, எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான். பிள்ளைகளின் தந்திரம் தெரிந்தபோது கையைக் கட்டி வெளியே நிறுத்த அவருக்கு முழு உரிமை இருந்தது. அதைச் செய்யாமல், அந்தத் தந்திரத்தையே பாடமாக மாற்றிவிட்டார். இயந்திரத்தைப் பிடுங்கியிருந்தால் டேனி வேறொரு குறுக்குவழி தேடியிருப்பான்.

தொடரின் முதல் புத்தகத்தில் அவர் இவ்வளவு பொறுமைசாலி இல்லை. வகுப்பில் விண்வெளியைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்த டேனிக்கு இம்போசிஷன் கொடுக்கிறார், விண்வெளிப் பயணத்துக்கு இன்னும் நூறு வருஷம் இருக்கிறது என்று 500 தடவை எழுதச் சொல்லி. அந்தப் புத்தகம் வந்த அடுத்த வருஷமே ஸ்புட்னிக் பறந்துவிட்டது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஐரீனைப் பற்றி ஏன் இவ்வளவு பேர் பேசுகிறார்கள்?

1958ஆம் வருஷத்துச் சிறுவர் சாகசக் கதையில் ஒரு பெண்பிள்ளை இயற்பியலாளர் ஆகப்போகிறேன் என்று சொல்வதும், கதையும் அதை ஒப்புக்கொள்வதும் அபூர்வம். ஐரீன் இந்தப் புத்தகத்தில்தான் தொடருக்குள் வருகிறாள். பையன்களுக்கு டிபன் கட்டிக் கொடுக்கவோ, ஆபத்தில் மாட்டிக்கொண்டு காப்பாற்றப்படவோ அவள் வரவில்லை, டேனிக்குச் சமமான மூளையோடு வருகிறாள். முதலில் கொஞ்சம் முகம் சுளிக்கிற ஜோவும் போகப்போக வழிக்கு வந்துவிடுகிறான்.

பெண்பிள்ளைக்குக் கணினியா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. எனியாக்கின் முதல் நிரலாளர்கள் ஆறு பேரும் பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். இயந்திரம் 1946இல் பத்திரிகைகளில் வந்தபோது அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் மகளோடு இந்தப் புத்தகத்தைப் படிப்பதாக இருந்தால் ஐரீன் வரும் அத்தியாயத்தில் நிறுத்தி இந்த ஆறு பெயரையும் சொல்லுங்கள்.

இரண்டு பேர் எழுதியது என்கிறீர்கள். யார் எதை எழுதினார்கள்?

வரிக்கு வரி பிரித்துச் சொல்ல முடியாது. அப்ராஷ்கின் திரைப்படத்திலும் பெயர் வாங்கியவர். ரே ஆஷ்லி என்ற பெயரில், மாரிஸ் எங்கல், ரூத் ஆர்கின் ஆகியோரோடு சேர்ந்து 1953இல் ஒரு சிறுவனை மையமாக வைத்து எடுத்த ‘லிட்டில் ஃபியூஜிடிவ்’ வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கியது. ஒரு பிள்ளையின் கண் உயரத்தில் நின்று உலகத்தைப் பார்க்கத் தெரிந்தவர்.

அவர் 1960இல் இறந்துவிட்டார். தொடர் அதற்கப்புறமும் 17 வருஷம் போனது. வில்லியம்ஸ் தனியாக எழுதிய பிற்காலப் புத்தகங்களிலும் நண்பரின் பெயரை அட்டையில் விடாமல் போட்டுக்கொண்டே வந்தார். பள்ளி நண்பர்களைப் பற்றிய தொடருக்குப் பின்னால் இப்படி ஒரு நட்பு இருந்தது என்பதை நான் கடைசி வாரம்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வில்லியம்ஸ் 1978இல் காலமானார்.

தொடரை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

தேவையில்லை. டேனிக்கு வயது பெரிதாக ஏறுவதே இல்லை, ஒவ்வொரு புத்தகமும் தனிக் கதை. நான் இந்த மூன்றாவது புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் மூவர் கூட்டணி இங்கேதான் உருவாகிறது.

அடுத்து எது என்றால், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 1974இல் வந்த ‘கண்ணுக்குத் தெரியாத பையன்’. தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் யாரும் மறைந்து போவதில்லை. தும்பி அளவில் ஒரு சிறிய கருவி, தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டால் அந்தத் தும்பி பார்ப்பதை நாமும் பார்க்கலாம், தொடலாம். இன்றைய டிரோனும் மெய்நிகர் கண்ணாடியும் சேர்ந்த மாதிரி. இதை வைத்து யார் யாரை வேவு பார்ப்பார்கள் என்ற கேள்விக்குள் கதை போகிறது, அரைநூற்றாண்டுக்கு முன்னாலேயே. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே குட்டி மழை பெய்ய வைக்கும் 1959ஆம் வருஷத்துக் கதை பிடிக்கும். காலப் பயணம் பிடிக்கும் என்றால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காலத்துக்குப் போகும் 1963ஆம் வருஷத்துக் கதை இருக்கிறது.

எந்த வயதுக்கு?

எட்டிலிருந்து பன்னிரண்டு. தானாகப் படிப்பதென்றால் பத்து.

பழைய புத்தகமாயிற்றே, இன்றைக்கு இடிக்கிற விஷயங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. டேனியின் அம்மா புத்திசாலி, ஆனால் கதை அவரைச் சமையலறையைத் தாண்டி அதிகம் நடமாட விடுவதில்லை. ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பத்தினர். போட்டுக் கொடுக்கிற எடி என்ற பையனை ‘ஸ்னிச்சர்’ என்ற பட்டப்பெயரிலேயே அழைக்கிறார்கள், நாங்கள் அதை ‘கோள்மூட்டி எடி’ என்று மாற்றிக்கொண்டோம், பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு சிறுமி கேட்டாள்: “அங்கிள், அவன் டீச்சர்கிட்ட சொன்னது உண்மைதானே, அப்ப அவன் ஏன் கெட்டவன்?” நல்ல கேள்வி. சொன்னதில் தப்பில்லை, இயந்திரத்தில் கை வைத்ததுதான் தப்பு என்று நாங்கள் எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். புத்தகம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை, காட்டியிருக்கலாம்.

தொழில்நுட்பம் பழசு என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. கணினி பிள்ளைகளுக்குப் பழகிப்போன பொருளாகிவிட்டதால், அது ஒரு காலத்தில் எதுவும் தெரியாத பெட்டியாக இருந்தது என்று பார்ப்பதே அவர்களுக்குப் புது அனுபவம்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா? தமிழில் எப்படிச் சொல்வது?

வாக்கியங்கள் எளிமையானவை, உரையாடல் நிறைய. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை தனியாகப் படிக்கத் திணறும், யாராவது உடன் உட்கார்ந்தால் போதும். வாய்மொழியாகச் சொல்லும்போது பெயர்களை மாற்றாதீர்கள். நான் முதல் வாரம் டேனியைத் தினேஷ் ஆக்கிப் பார்த்தேன். அப்புறம் தினேஷ் வீட்டில் ஏன் தோசை இல்லை, ஏன் பனி பெய்கிறது என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரமே டேனி டேனியாகத் திரும்பி வந்துவிட்டான். அமெரிக்கச் சிற்றூர் அமெரிக்கச் சிற்றூராகவே இருக்கட்டும்.

படித்து முடித்ததும் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இரண்டு விஷயம் செய்தோம், இரண்டுமே நன்றாக வந்தன.

கதையின் தொடக்கத்தில் டேனி, ஒரே நேரத்தில் இரண்டு தாளில் எழுதும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருப்பான், தனக்கு ஒன்று ஜோவுக்கு ஒன்று. இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் இப்படி இரண்டு பேனா பூட்டிய கருவியில்தான் தன் கடிதங்களுக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். 1803இல் காப்புரிமை பெற்ற கருவி அது. அதற்கும் முன்னோடி, படத்தைப் பெரிதாக்கி வரையும் பேன்டோகிராஃப், 1603இல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற பாதிரியார் உருவாக்கியது. நான்கு ஐஸ் குச்சி, நான்கு சின்ன போல்ட், ஒரு பென்சில் இருந்தால் பிள்ளைகளே பேன்டோகிராஃப் செய்யலாம். குச்சிகள் நடுவில் ஓர் இணைகரமாக நிற்க வேண்டும். ஒரு முனையை மேசையில் அசையாமல் பதித்துவிட வேண்டும், அது நகர்ந்தால் படம் கோணிக்கொள்ளும். எங்களுக்கு முதல் இரண்டு தடவை கோணிக்கொண்டது.

இரண்டாவது, நான் இயந்திரம், பிள்ளைகள் நிரலாளர்கள். தோசை சுடுவதற்கு எனக்குக் கட்டளை எழுதித் தர வேண்டும், சொன்னதைத் தவிர வேறெதையும் நான் செய்ய மாட்டேன். முதல் கட்டளை ‘மாவை ஊற்று’ என்று வந்தது. கல்லில் ஊற்று என்று யாரும் எழுதவில்லை, நான் கரண்டியைத் தரைக்கு மேலே கொண்டுபோனதும் ஒரே கூச்சல். அடுத்த சுற்றில் கல் வந்தது, அடுப்பு எரியவில்லை. நாலாவது சுற்றில் தோசையைத் திருப்பச் சொல்ல மறந்துபோனார்கள். ஆறாவது சுற்றில்தான் தோசை தட்டுக்கு வந்தது. அதற்குள் அவர்கள் எழுதிய கட்டளை ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. மினியாக்குக்கு ஒரு வருஷத்துப் பாடத்தைச் சொல்லித்தர டேனி எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று கேட்டேன். பதில் சொல்ல யாருக்கும் வாய் இல்லை, எல்லோர் வாயிலும் தோசை.

இதைப் படித்துவிட்டு என் பையன் நிஜமாகவே ஏஐயில் வீட்டுப்பாடம் போட ஆரம்பித்துவிட்டால்?

புத்தகம் படிக்காத பையன்களும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால் பழியைப் புத்தகத்தின் மேல் போட வேண்டாம். கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் மிஸ் ஆர்னால்ட் செய்ததைச் செய்து பாருங்கள். போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அவன் எழுதியிருக்கும் விடையில் ஒரு வரியைக் காட்டி, நோட்டை மூடிவிட்டு, “இது எனக்குப் புரியலைப்பா, கொஞ்சம் சொல்லிக் கொடு” என்று பக்கத்தில் உட்காருங்கள். சொல்லத் தெரிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் பாடப்புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, நீங்களே மினியாக்காக இருங்கள்.